இடது வளைவு

ராஷித்: இன்னாடா சொல்ற? எல்லாத்தையும் கழட்டணுமா?

ஸ்ரீகாந்த்: எல்லாத்தையும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், வண்டி சாயாம இருக்க பின்னாடி ஒரு ராடு போட்டியே... அதையும். பழைய சாமானெல்லாம் உன் ஷெட்டுலதானே கெடக்கு? அதையே மாட்டிக் குடுத்துடு பாய்.

ராஷித்: மச்சான், வெயில்ல கியில்ல நின்னியா? ஒரு வருசம்டா! ஒரு வருசமா இழைச்சி இழைச்சி செஞ்சிருக்கேன். இருவது வருசத்து பாலியோ காரு... சின்ன உடம்பு, பெரிய இன்ஜின். மெட்ராஸ்ல இது மாதிரி வளைவுல திரும்பற வண்டி இன்னொண்ணு காட்டு பாப்போம்.

ஸ்ரீகாந்த்: இல்ல பாய். ஒத்துக்கறேன்.

ராஷித்: அப்புறம்?

ஸ்ரீகாந்த்: வீட்ல ரேணுகாவுக்கு முதுகு வலிக்குதாம். திருமுல்லைவாயல் தாண்டறதுக்குள்ள ஒவ்வொரு பள்ளத்துக்கும் உன் பேரச் சொல்லித்தான் திட்றா.

ராஷித்: தங்கச்சி பத்து மாசமா திட்டுது. உனக்கு இன்னைக்குத்தான் காது கேட்டுச்சா? நெசத்த சொல்லு... விக்கப் போற.

ஸ்ரீகாந்த்: சேச்சே. கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கின வண்டி. அதப் போய்...

ராஷித்: பின்ன இன்னாதான்டா? போன ஆடி மாசம் இதே ஸ்டூல்ல குந்திக்கினு இன்னா சொன்ன? "பாய், இடது வளைவுல வண்டி மூக்கு உள்ள வரமாட்டேங்குது, வெளிய வெளிய ஓடுது"ன்ன. ஸ்பிரிங்க மாத்தினேன். சூப்பர்னு போன... ஒரு மாசத்துல திரும்பி வந்த. ராடு போட்டேன். திரும்பி வந்த. முன் சக்கரத்த லேசா உள்பக்கம் சாய்ச்சி வெச்சேன், கெட்டி ரப்பர் புஷ்ஷு போட்டேன், அகலமா டயர் போட்டேன்...

ஸ்ரீகாந்த்: ஒவ்வொரு தபாவும் நல்லாத்தான் ஆச்சு பாய். சத்தியமா.

ராஷித்: குத்தம்பாக்கத்தாண்ட அந்தப் பெரிய வளைவுல நான் ஓட்டினேனே, ஞாபகம் கீதா? பக்கத்துல உக்காந்துகினு சிரிச்ச பாரு ஒரு சிரிப்பு! தண்டவாளத்துல போறா மாதிரி போச்சி.

ஸ்ரீகாந்த்: ஆமா. நீ ஓட்டினப்ப போச்சு.

ராஷித்: இன்னாடா... குத்திக் காட்டறியா?

ஸ்ரீகாந்த்: இல்ல பாய், நான் அப்படியா... டீ சொன்னியே, எங்க?

ராஷித்: ஏய் ஏய் ஏய்... கிளாஸு! அட! கைக்குப் பக்கத்துலயேதாண்டா வெச்சேன். பேன்ட்டெல்லாம் போச்சி பாரு. சுட்டுதா?

ஸ்ரீகாந்த்: இல்ல, இல்ல. கவனிக்கல.

ராஷித்: இந்தா, துணி. அங்க இல்லடா, இந்தாண்ட... உள்ள வரும்போதும் ஷட்டர்ல தோள இடிச்சிக்கின. ஊட்ல ஏதாச்சும் சண்டையா?

ஸ்ரீகாந்த்: அதெல்லாம் ஒண்ணுமில்ல.

ராஷித்: வண்டிய வாசல்ல யாரு நிறுத்தினது? ஸ்கேலு வெச்சா மாதிரி கீது. நீ நிறுத்தினா அப்டி நிக்காதே.

ஸ்ரீகாந்த்: சௌம்யா.

ராஷித்: யாரு, உன் பொண்ணா? ஆவடிலேர்ந்து மண்ணூர்பேட்டை வரைக்கும் அதுவா ஓட்டிக்கினு வந்துச்சி? சாவியத் தொட்டாலே குதிப்பியே நீ!

ஸ்ரீகாந்த்: போன வாரம் லைசென்ஸ் வந்துடுச்சு. இனிமே அவதான் ஓட்டுவா. அவ கைக்கு இது ரொம்பத் துடுக்கா இருக்கு பாய், லேசா ஒடிச்சாலே பாயுது. அதான் பழையபடி சாதுவா ஆக்கிக் குடுன்னு...

ராஷித்: அவ ஓட்டட்டும். நீ?

ஸ்ரீகாந்த்: நானும்... அப்பப்ப.

ராஷித்: அப்பப்பன்னா?

சௌம்யா: அப்பா! மருந்த கார்லயே வச்சுட்டு வந்துட்டீங்க. காலைல போடவேண்டியது, மணி பத்தரை ஆகுது. சலாம் அங்கிள்.

ராஷித்: சலாம்மா, வா. இன்னா மருந்து?

சௌம்யா: கண்ணுக்கு. அப்பா... நீங்க இன்னும் சொல்லலையா?

ஸ்ரீகாந்த்: சொல்லிட்டுத்தான்மா இருந்தேன்.

ராஷித்: எங்க சொன்ன? முதுகு வலின்ன!

சௌம்யா: தலையத் தூக்குங்கப்பா. இன்னும்... ஆங். இப்ப மூடிக்குங்க.

ஸ்ரீகாந்த்: கண்ணுல அழுத்தமாம் பாய். கிளாகோமான்றாங்க. வலியே இல்ல, அதான் கொடுமை. ஓரத்துலேர்ந்து தின்னுக்கிட்டே வருமாம். நேரா பாத்தா உன் மீசைல இருக்கற நரைகூடத் தெரியுது. உன் தோள் தெரியல. இடது பக்கம்... மொத்தமா போச்சு.

ராஷித்: யா அல்லா... ஆபரேசன் கீபரேசன் ஏதாச்சும்...

சௌம்யா: போனது போனதுதான் அங்கிள். மிச்சம் இருக்கறதக் காப்பாத்தத்தான் இந்த மருந்து. ஸ்டியரிங்கத் தொடவே கூடாதுன்னுட்டாங்க.

ராஷித்: எப்பலேர்ந்து தெரியும்?

ஸ்ரீகாந்த்: மூணு வாரமா. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோட்டுல இடது பக்கம் திரும்பறேன், ரோடு காலியா இருக்கு. பக்கத்துல இருந்து இவ "அப்பா"ன்னு ஒரே கத்து. பிரேக்க அழுத்தினேன். பாத்தா, பம்பருக்கு ஒரு சாண் தள்ளி ஒரு சைக்கிள்காரர். வயசானவர். திட்டக்கூட இல்ல பாய்... எறங்கி சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போயிட்டார்.

ராஷித்: வண்டி நின்னுச்சில்ல?

ஸ்ரீகாந்த்: உன் வண்டி இல்ல? அடிச்ச ஆணி மாதிரி நின்னுச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. வெளிய வெளிய ஓடினது வண்டியே இல்ல. இடது வளைவோட ஓரம் எனக்குத் தெரியல. தெரியாம லேட்டா திருப்பியிருக்கேன்... ஒரு வருசமா.

ராஷித்: ஒரு வருசமா.

சௌம்யா: டாக்டரும் அதான் கேட்டார். ஒரு வருசம் முன்னாடியே ஏன் வரல, அப்ப வந்திருந்தா நெறைய காப்பாத்தியிருக்கலாமேன்னு.

ஸ்ரீகாந்த்: நான் என்ன சொல்றது? வண்டிலதான் கோளாறுன்னு நெனச்சேன் சார்னேன். ஒரு மாதிரி பாத்தார்... விடு பாய். ஏன் அந்த ஸ்பேனரையே மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்கற? நீ என்ன பண்ணுவ?

ராஷித்: சும்மா இரு.

ஸ்ரீகாந்த்: நெசமாத்தான் சொல்றேன். எத்தன தபா வந்தேன், ஒரு தபாகூட நீ சலிச்சுக்கல. வேற மெக்கானிக்கா இருந்தா...

ராஷித்: சும்மா இர்றான்றேன்ல!

சௌம்யா: அங்கிள், ஒண்ணு கேக்கவா? கோச்சுக்கக் கூடாது.

ராஷித்: கேளும்மா.

சௌம்யா: அப்பா மொத தபா வந்தப்ப, முன்பக்கம் கோளாறு இருக்குன்னு சொன்னீங்களாமே. அதனாலதான் அப்பா வேற யோசனையே பண்ணல. வண்டி நல்லாத்தான் இருந்துச்சுன்னா... அது என்ன கோளாறு?

ஸ்ரீகாந்த்: சௌம்யா, பேசாம இரு. பழைய வண்டின்னா ஆயிரம் இருக்கும்.

ராஷித்: அவ கேக்கறது சரிதாண்டா.

சௌம்யா: தெரிஞ்சுக்கலாம்னுதான் அங்கிள்...

ராஷித்: ஒண்ணுமே இல்லம்மா. அன்னைக்கே மெஷின்ல ஏத்திப் பாத்தேன், நாலு சக்கரமும் நேராத்தான் இருந்துச்சி. நானே எடுத்துகினு போயி ரெண்டு ரவுண்டு ஓட்டினேன், கத்தி மாதிரி திரும்பிச்சி. வண்டில ஒண்ணும் இல்லடா, உன் ஒடம்புல இன்னான்னு போயி பாருன்னு இவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். டாக்சிக்கு கிளட்ச் மாத்தி மாத்தி செத்துப்போன கையிமா இது... இப்டி ஒரு வண்டி வாசல்ல வந்து நின்னுச்சி, கை வெக்காம திருப்பி அனுப்ப மனசு வரல. கோளாறு கீதுடா, உட்டுட்டுப் போன்னு... நான்தான் சொன்னேன்.