கையைத் தூக்கியபடி ஒரு தூக்கம்

ஒட்டுக்கேட்கும் உத்தேசம் எனக்கு இல்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த இரண்டு பெண்களில் இளையவள் திடீரென்று சொன்னாள்:

“அக்கா, போன ஞாயித்துக்கிழமை நீங்க சர்ச்சுக்கு வரலல்ல, அன்னிக்கு ஆராதனை நடத்துறப்ப நின்னுக்கிட்டே தூங்கிட்டேங்க்கா.”

“சபைக்கு முன்னாடியா?”

“பாட்டு முடிஞ்சு, கையத் தூக்கி, கண்ண மூடினேன். அவ்ளோதான். கீபோர்டு சத்தத்துலதான் முழிச்சேன். பாத்தா எல்லாரும் அழுதுக்கிட்டிருக்காங்க.”

“வூட்டுல தூங்குறதே இல்லையா நீ?”

“பகல்ல ஆபீஸு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி. பாட்டு லிஸ்ட்டக்கூட பஸ்ல வச்சுத்தான் எழுதுறேன்.”

“பாஸ்டர்கிட்ட உள்ளதச் சொல்லிடு.”

“எப்புடிக்கா சொல்றது? அந்த அமைதியிலதான் மனசு ஆறுச்சுன்னு, புருஷன பறிகுடுத்த ஒரு அம்மா எந்திரிச்சு சாட்சி சொல்லிட்டாங்க. இந்த வாரமும் அதே மாதிரி அஞ்சு நிமிஷம் அமைதியா நில்லும்மான்னு பாஸ்டர் சொல்லியிருக்காரு. மறுபடி தூங்கிட்டா?”

சிமெண்ட் லாரி கிளப்பிய புழுதிக்காக மூத்தவள் ஜன்னலை மூடினாள். பிறகு இளையவளின் மடியிலிருந்த பாட்டு நோட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“இனிமே லிஸ்ட்டு, பயிற்சி ரெண்டையும் நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை உன் பக்கத்துலயே நிக்கிறேன். தூங்குனா கிள்ளிடுறேன், போதுமா?”

இளையவள் சிரிக்கவில்லை.

“பாத்துக் கிள்ளுங்கக்கா,” என்றாள். “அந்தம்மா முன்வரிசையிலதான் உக்காருவாங்க.”