முடித்துவைக்க முடியாத மொழி

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பள்ளி முதல்வர் பட்டாபிராமன் அவர்களே! பிரெஞ்சு ஆசிரியை ஜெசிந்தா அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பைப் பாதியில் அணைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே! வேலை முடிந்து கல்பாக்கம் பேருந்திலிருந்து இறங்கி நேரே இங்கே வந்திருக்கும் என் தோழர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஜெயகிருஷ்ணன். ஒன்பதாம் வகுப்பு ஹரிப்ரியாவின் தகப்பன். மூன்றாம் மொழியாகப் பிரெஞ்சு நீடிப்பதா, நிற்பதா என்று இன்று கைதூக்கி முடிவெடுக்கப் போகிறோம். சேர்ந்த பிள்ளைகள் சொற்பம், ஆகவே எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

என்ன சொன்னீர்கள், கடைசி வரிசை நண்பரே? "பிரெஞ்சு படிச்சி புள்ளைங்க இன்னா சார் பண்ணப் போவுது?" நல்ல கேள்வி! அதற்குப் பதில் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

என் மகளுக்குப் பேச்சு திக்கும். இந்த ஊரில் அவள் ஒரு வாக்கியத்தைத் தானே முடித்ததுண்டா? விட்டோமா நாம்? "எனக்கு ரெண்டு..." என்பாள். "பேனாவாம்மா?" என்று கடைக்காரர் முடிப்பார். "நாளைக்கு..." என்பாள். "லீவா கண்ணு?" என்று அத்தை முடிப்பாள். அன்பால் முடித்தோம், அவசரத்தால் முடித்தோம், அவள் பேச்சையே முடித்துவிட்டோம்! வருடக்கணக்கில் என் பெண் தலையாட்டியே காலம் தள்ளினாள்.

அப்புறம் வந்தது அந்த மாலை. மாமல்லபுரம் மணல்வெளி. மஞ்சள் வெயில் மயங்கிச் சாய, மெல்லிய காற்று சவுக்குத் தோப்பில் முணுமுணுக்க, கற்கோயிலுக்குப் பின்னால் கடல் கண்மூடிக் கிடந்தது. வகுப்பைச் சுற்றுலா அழைத்துப் போன ஜெசிந்தா டீச்சருக்குத் துணையாக நானும் போயிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கால் தரையில் பாவுவதில்லை.

பிரான்சிலிருந்து வந்த ஒரு அம்மாள் பிள்ளைகளைப் பார்த்து, அவர்கள் மொழியில் பெயர் கேட்டார். நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வகுப்பில் செய்வதைத்தான் செய்தார்கள்! வரிசையில் விறைப்பாக நின்று, ஒரே ராகத்தில், "என் பெயர் மரி" என்று பிரெஞ்சில் பாடினார்கள். மரி யார்? பாடப்புத்தகத்துப் பெண்! ஆண்பிள்ளைகளும் மரி! நம்ம ஹர்ஷவர்தனும் மரி!

சிரியுங்கள், அந்த அம்மாளும் சிரித்தார். சிரித்து முடித்து, "உண்மைப் பெயர்?" என்று மறுபடி கேட்டார்.

அப்போது ஹரிப்ரியா முன்னால் வந்தாள். "ழ... ழ மப்... ழ மப்பெல்..." திக்கினாள். 'என் பெயர்' என்று தொடங்குகிறாள் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு வாய் துடித்தது. ஆனால் எப்படி முடித்துவைப்பேன்? எனக்குப் பிரெஞ்சு தெரியாதே! கூட இருந்த பிள்ளைகளுக்கோ மரியைத் தவிர அடுத்த சொல் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் ஜெசிந்தா டீச்சர், அவர் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் மணலில் மண்டியிட்டுக் காத்திருந்தார். அலை வந்தது, போனது, மறுபடி வந்தது. "...ஹரிப்ரியா" என்று முடித்தாள் என் மகள். தானே முடித்தாள்! அதோடு நின்றாளா? நம் ஊர் செங்கல்பட்டு என்றாள், ஏரி என்றாள், திக்கித் திக்கி எங்கள் தெருவையே சொன்னாள். நான் அழுதேன்.

வீடு திரும்பும் வழியில், "அப்பா, நாளைக்கும் நான்..." என்று தொடங்கினாள். "ஸ்கூலுக்குப் போவணும், அதானே?" என்றேன். என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருப்பா. நா... நான் இன்னும் முடிக்கல."

தமிழில் சொன்னாள், ஐயா! தமிழில்!

பிரெஞ்சு என்ன செய்யும் என்று கேட்டீர்களே, இதைச் செய்தது! அந்நியர் ஒருவர் காத்திருந்தார். பெற்றவர்கள் நாம் காத்திருக்க மாட்டோமா? ஊரார் நாம் காத்திருக்க மாட்டோமா? அவள் சரளமாய்த் திக்கக் கிடைத்த ஒரே வகுப்பை மூடத்தான் கை தூக்குவோமா?

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. வாக்கெடுப்புக்கு முன் ஹரிப்ரியா இரண்டு வார்த்தை பேச வருகிறாள். நேரமாகும். யாரும் முடித்துவைக்காதீர்கள். வணக்கம்.