ஊரார் பார்க்க ஒரு மணி நேரம்

எனக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் அந்த வியாழக்கிழமை சத்திரத்து அடுப்போரம் உட்கார்ந்திருந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை, நீதிபதி அவர்களே.

பாஸ்டனுக்கு வடக்கே எங்கள் ஊர்ச் சபை வீட்டில், பிரசங்கத்தின்போது தூங்குகிறவர்களை எழுப்புவது என் பொறுப்பு. அதற்கென்று நீளமான கோல் ஒன்று உண்டு. பெண்கள் தூங்கினால் நரிவால் கட்டிய முனையால் முகத்தை வருடுவேன். ஆண்கள் என்றால் மரக்குமிழ் முனையால் மண்டையில் ஒரு தட்டு. ஒரு ஞாயிறு, போதகர் மூன்றாவது மணி நேரமாக நரகத்தை விவரித்துக்கொண்டிருந்தபோது நானே கண்ணயர்ந்துவிட்டேன். குறட்டையும் விட்டேனாம். கோல் நழுவி, நரிவால் போதகர் மனைவியின் கழுத்தில் போய் விழுந்தது. சபை முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியது. மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்த ஏனோஸின் மனைவி கேத்தூராள் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஓய்வுநாளில் அவள் சிரித்தது குற்றம். நான் தூங்கியது பலவீனம். மூப்பர்கள் அப்படித்தான் பிரித்தார்கள், நானும் மறுக்கவில்லை. தீர்ப்பு மென்மையானது. வியாழக்கிழமைப் பிரசங்கத்துக்குக் கூட்டம் கூடும்போது, ஊரார் பார்க்க, ஒரு மணி நேரம் சத்திரத்துக்கு எதிரே வெட்டவெளியில் இருக்கும் தொழுமரத்தில் கால் மாட்டி உட்கார வேண்டும். அடி கிடையாது, அபராதம் கிடையாது. வெட்கம் மட்டும்தான்.

காலையில் அவள் கால்களை மரத்தில் மாட்டிப் பூட்டினேன். “பாத்துப் பூட்டுங்க ஒபதியா, பாதியில தூங்கிடப் போறீங்க” என்றாள். நான் கோபப்படவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததே இல்லை.

பிறகு பனி கொட்டத் தொடங்கியது. பிரசங்கம் நின்றுபோயிற்று, ஒருவரும் வரவில்லை. சத்திரக்காரர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “ஒரு மணி நேரம் எப்பவோ ஆகிப்போச்சேப்பா, தொறந்து விடேன்” என்றார். பாவம், அவருக்குச் சட்டம் தெரியாது.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. பாக்க ஆள் வந்தாத்தானே கணக்கு” என்று விளக்கினேன். யாரும் பாராத வெட்கம் என்ன வெட்கம்? அப்படியே விட்டிருந்தால் தண்டனை அனுபவிக்காமலே தப்பியவள் ஆகியிருப்பாள். சத்திரக்காரர் சற்று யோசித்துவிட்டு எனக்கு இன்னொரு கோப்பை ஆப்பிள் மது ஊற்றினார்.

மதியம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். நான் இரக்கமில்லாதவன் அல்ல. அவள் உதடு நீலம் பூத்திருந்தது. “ஐயா, நான் சிரிச்சது தப்புங்க. உங்க மனச நோகடிச்சிட்டேன். தொறந்து விடுங்க ஐயா” என்றாள். அதுவரை அவள் என்னை ஐயா என்று கூப்பிட்டதில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நல்ல மன்னிப்பை என் ஒருவனோடு வீணாக்க மனம் வரவில்லை. “ஊர் வரட்டும்மா. இத அப்படியே அவங்க முன்னாடி சொல்லு” என்றேன். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதை ஒளிப்பானேன்.

மாலையில் பனி விட்டு, ஊர் திரண்டு வந்தது. வந்தவர்களில் ஒருவர் கையோடு கொண்டுவந்த அழுகிய முட்டைக்கோஸை எறிந்தும்விட்டார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். முழு நேரமும் ஒருவரும் நகரவில்லை. முதலில் கிளம்புகிறவனைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று ஒவ்வொருவருக்கும் பயம்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் அவளுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அவளால் பேச முடியாமல் போனதால், அவள் கேட்ட மன்னிப்பை அவளுக்காக நானே ஊருக்கு உரக்கச் சொன்னேன், ‘ஐயா’வை ஓரிடத்திலும் விடாமல்.