கையால் மறைத்த விலாசம்

— பேரு சொல்லிட்டேன், பொறந்த தேதி சொல்லிட்டேன். இன்னும் என்ன சார் வேணும்?

— கோச்சுக்காதீங்க மேடம். கண்ணாடிக் கடையில இவ்ளோ கேள்வியான்னு எல்லாரும்தான் அலுத்துக்கறாங்க. உங்க கணக்குல இருக்கற விலாசத்தை அழிக்கணும்ங்கறீங்க. கேக்கறது நீங்கதானான்னு நான் உறுதி பண்ணிக்கணும். சட்டம் அப்படி.

— ஒரு விலாசத்தை அழிக்கறதுக்குக்கூட சட்டமா?

— ஆமா மேடம். உங்க விவரம் உங்களோடது, எங்களோடது இல்ல. அழிங்கன்னு சொன்னா நாங்க அழிச்சாகணும். ஆனா சொல்றது நீங்களா இருக்கணும். கண்ணு பவர் ஞாபகம் இருக்கா?

— வலது மைனஸ் ஆறு. இடது ஆறரை.

— அட, பாக்காமயே சொல்றீங்க.

— கண்ணாடி இல்லன்னா எதிர்ல நிக்கறது யாருன்னே தெரியாது. பவர் மறக்குமா?

— அதுவும் சரிதான். வயசு இருபத்தொம்பதுன்னு போட்டிருக்கு. குரல் கொஞ்சம்...

— தொண்டை கட்டிக்கிச்சு.

— வெந்நீர் குடிங்க. சரி, கடைசியா ஒண்ணு. பதிவு பண்ணின நம்பருக்கு ஓடிபி அனுப்பறேன், வந்ததும்...

— வேண்டாம்.

— மேடம்?

— அனுப்பாதீங்க. அனுப்பிட்டீங்களா?

— இன்னும் இல்ல.

— கையை எடுங்க. அந்த பட்டன்லருந்து கையை எடுங்க முதல்ல.

— எடுத்துட்டேன். என்ன விஷயம்?

— அது... அவன் நம்பர். கணக்கு தொடங்கினப்பவே அவன் நம்பரைத்தான் குடுத்தது.

— அவன்னா... வீட்டுக்காரரா?

— ம்.

— நம்பரை மாத்தலாம். ஆனா மாத்தறதுக்கும் அந்த நம்பருக்குத்தான் ஓடிபி போகும்.

— நல்லா இருக்கு. திருடன் கையிலயே சாவியைக் குடுத்துட்டு, வீட்டைப் பத்திரமாப் பூட்டியிருக்கோம்ங்கறீங்க.

— அது எங்க கம்ப்யூட்டர் பண்ற கூத்து மேடம், சட்டத்தைத் திட்டாதீங்க. வேற வழி இருக்கு. நீங்க முன்னாடி வாங்கினதைப் பத்திக் கேப்பேன், சரியாச் சொன்னா போதும். பழைய கண்ணாடியெல்லாம் எதுக்கு மாத்தினீங்க?

— உடைஞ்சுது.

— அப்படித்தான் போட்டிருக்கு. போன வருஷம் மட்டும் நாலு. நாலும் உடைஞ்சதா?

— கீழ விழுந்துது.

— நாலு தடவையும் கண்ணாடி கீழ விழுந்துதா?

— கண்ணாடி எங்கப்பா விழுந்துது... அவதான் விழுந்தா.

— இருங்க, 'நான் விழுந்தேன்'னு சொல்லல நீங்க. 'அவ விழுந்தா'ன்னு சொன்னீங்க. நீங்க அவங்க இல்ல.

— இல்லப்பா.

— அடுத்தவங்க பேர்ல பேசறது தப்புன்னு தெரியுமாம்மா? இந்தப் பேச்சு பதிவாகுது.

— ஆகட்டும். நான் விவரத்தைக் குடுன்னு கேக்கலியே. அழின்னுதானே சொன்னேன். அந்த விலாசம் என்னன்னு ஒரு தடவையாவது கேட்டேனா?

— ...கேக்கல.

— வீட்டுல ஒரு பழைய டேப்லெட் கெடக்கு. அவ விட்டுட்டுப் போனது. மத்தியானம் டிங்னு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தா உங்க கடை. கண்ணாடி தயார், இந்த விலாசத்துக்கு வருதுன்னு. அவ எங்க இருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியாது. அவன் தேடாத இடம் இல்ல. இந்தப் பொண்ணு என்னடான்னா பழைய கணக்குலயே ஆர்டர் போட்டு வெச்சிருக்கு.

— கண்ணாடி இல்லாம போட்டிருப்பாங்க. எந்தக் கணக்குன்னு தெரிஞ்சிருக்காது.

— ஆமா... அதை நான் யோசிக்கல. பாவம்.

— விலாசத்தை நீங்க படிச்சீங்களா?

— கதவு நம்பர் கண்ணுல பட்டுது. உடனே கையால மறைச்சுட்டேன். எனக்கு எதுவும் மனசுல நிக்காது, மூஞ்சியில வந்துடும். அவன் கேட்டா காட்டிக் குடுத்துடும். தெரியாததை என்கிட்டருந்து யார் பிடுங்க முடியும்?

— டேப்லெட் இப்ப எங்க?

— வாஷிங் மெஷினுக்குள்ள. அழுக்குத் துணிக்கு அடியில. அந்தப் பக்கம் அவன் எட்டிக்கூடப் பாக்க மாட்டான்.

— நல்ல லாக்கர்தான். ஆனா அது பத்தாதும்மா. கண்ணாடி வண்டியில ஏறினதும் பதிவு பண்ணின நம்பருக்கு ஒரு மெசேஜ் போகும். விலாசத்தோட.

— எப்ப ஏறும்?

— இன்னிக்கு சாயந்தரம்.

— தம்பி... அழிச்சுடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்.

— அழிக்க முடியாதும்மா.

— நான் சொல்றதை நீ நம்பல.

— நம்பறேன். நம்பினாலும் முடியாது. அது அவங்க விவரம், அவங்க வாயால சொல்லணும். நல்லதுக்குத்தானேன்னு உங்களுக்காக வளைஞ்சா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து நல்லதுக்குத்தான்னு அதே விலாசத்தைக் கேப்பாரு.

— அப்ப அவ்வளவுதானா... சரி. வெச்சுடறேன்.

— இருங்கம்மா, வெக்காதீங்க. அழிக்கத்தான் முடியாதுன்னேன். ஒருத்தர் விவரம் ஆகாத கைக்குப் போகப்போகுதுன்னு தெரிஞ்சா அதைத் தடுக்கறதும் எங்க வேலைதான். அதுவும் அதே சட்டம். கணக்கைப் பூட்டறேன். மெசேஜை நிறுத்தறேன். டெலிவரிக்குன்னு வேற ஒரு நம்பர் குடுத்திருக்காங்க, அதுல நானே அவங்களைக் கூப்பிட்டு சொல்றேன்.

— வேற நம்பர் வெச்சிருக்காளா... எடுப்பாளா? கேட்டியானா, நல்லா இருக்காளா, சாப்பிடறாளான்னு...

— கேட்டாலும் உங்ககிட்ட சொல்லக் கூடாதும்மா.

— ஆமால்ல. சொல்லாத. சொல்லாம இருக்கறதுதான் நல்லது.

— ...பூட்டியாச்சு. டேப்லெட்லயும் இனிமே திறக்காது.

— மெசேஜ்?

— போகாது.

— அப்பாடா... இரு, உக்காந்துக்கறேன். பேச்சு பதிவாகுதுன்னியே, அதை அவன் வந்து கேட்டா குடுப்பீங்களா?

— மாட்டோம். அது உங்க குரல். உங்க விவரம்.

— அந்தச் சட்டம் எனக்கும் சேத்தா?

— எல்லாருக்கும்தான்.

— ...இத்தனை வயசுல என்னோடதுன்னு ஒண்ணு இருக்குன்னு இப்பதான் ஒருத்தர் சொல்லிக் கேக்கறேன்.

— அம்மா... ஒண்ணு கேக்கலாமா? அவரு பேசறப்ப சிரிச்சு சிரிச்சுப் பேசுவாரா? வாங்க போங்கன்னு, ரொம்ப மரியாதையா?

— ...போன் பண்ணினானா?

— அதைச் சொல்லக் கூடாது.

— குடுத்துட்டியா?

— குடுத்திருந்தா உங்ககிட்ட இப்படிக் கேட்டுக்கிட்டு இருப்பேனா? குடுக்கல. ஆனா... குடுக்கற மாதிரிதான் இருந்தேன். பொண்டாட்டி மேல இவ்ளோ அக்கறையான்னு நெனச்சேன்.

— உன்மேல தப்பு இல்ல. அந்தப் பேச்சுல மயங்காதவங்க யாரு? ஒருத்திக்குத்தான் அவன் இன்னொரு மூஞ்சியும் தெரியும்.

— இனிமே அவரு ஓடிபி சொன்னாலும் கெடைக்காது. அதுக்கு நான் பொறுப்பு. நிம்மதியா இருங்க.

— நல்லா இருப்பா. கண்ணாடி மட்டும் சீக்கிரம் போய்ச் சேரட்டும். கண்ணு தெரியாம எங்கயாவது தடுக்கி விழப்போறா.

— போய்ச் சேரும். உங்க பொண்ணு குடுத்து வெச்சவங்கம்மா. எந்தத் தாய்க்கும் தன் பிள்ளைன்னா இப்படித்தான் துடிக்கும்.

— பொண்ணு இல்லப்பா, மருமக. நான் பெத்தது அவனை.