ஏழாவது ஊசி

எனக்குத் தேங்காய்ப் பொரி பிடிக்காது, பெங் சார். பல்லில் ஒட்டிக்கொள்ளும். இதை முதலில் எழுதக் காரணம், யுவேச்சினின் இயந்திரம் முரண்டு பிடிக்காமலிருக்க நம் ஊர் வழக்கப்படி அதன் மேல் வைத்திருந்த பொரிப் பையை நான் தின்றுவிட்டதாகக் கேண்டீனில் ஒரு பேச்சு ஓடுகிறது. தின்னவில்லை. மாற்றி வைத்தேன். இரண்டும் வேறு.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

யுவேச்சினும் நானும் பதினான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. பலகையில் பற்றவைத்த சிப்பின் மேல் கவ்வியை வைத்து அழுத்துவோம். கவ்விக்குள் மயிரிழை போன்ற ஊசிகள். சிப்பின் ஒவ்வொரு காலையும் ஓர் ஊசி தொடும். சரியாகத் தொட்டால் திரையில் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. வேலையில் அவள் என்னைவிடக் கெட்டி. மதியம் இறைச்சி உருண்டை சூப் வாங்கினால் தன் கிண்ணத்திலிருந்து ஓர் உருண்டையை எனக்குப் போடுவாள். நல்ல மனுஷி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு மேசையில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளப்போவதாக மார்ச்சில் சொன்னீர்கள். நான் நிதானமாக யோசித்தேன். அவள் வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ள ஓர் இந்தோனேசியப் பெண்ணை வைத்திருந்தாள். மருமகள் பார்ப்பதுபோல் வருமா? என் வீட்டில் இருப்பது ஓய்வுபெற்ற கணவர். நான் வெங்காயம் நறுக்கினால்கூடப் பின்னால் நின்று யோசனை சொல்வார். ஆக, யார் வீட்டுக்குப் போவது நியாயம் என்பதில் குழப்பமே இல்லை.

நிறமில்லாத நகப்பூச்சை அவளுடைய கவ்வியின் ஏழாவது ஊசி நுனியில் தொட்டும் தொடாமலும் வைத்தேன். அப்பிவிட்டால் எல்லாப் பலகையும் சிவப்பாகி, உடனே பிடிபட்டுவிடும். மெலிதாக வைத்தால் பத்துக்கு மூன்றுதான். சாயங்காலத்துக்குள் தேய்ந்துவிடும் என்பதால் தினமும் காலையில் அவளுக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்து புதிதாக வைத்தேன். என்னைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது.

உருப்பெருக்கியில் ஊசியைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்காகத்தான் பை. இயந்திரம் முரண்டு பிடித்தால் நம் ஆட்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா? அதன் தலைமேல் பச்சைப் பொரிப் பை இருக்கிறதா, பிரிக்காமல் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையே. அவள் வைத்திருந்த புதுப் பையை எடுத்துவிட்டு, தேதி தாண்டிய ஒன்றை வைத்தேன். என் கணவர் அலமாரியிலிருந்து எதையும் தூக்கிப்போட விடமாட்டார். அந்தக் குணத்தால் முதன்முறையாக ஒரு பலன் கிடைத்தது.

இஞ்சினியர் ஃபான் வந்தார். அமெரிக்காவில் படித்தவர். கவ்வியைத் தொடவேயில்லை, நேராகப் பையைத் திருப்பினார்.

"அக்கா, தேதி போயி அஞ்சு மாசம் ஆச்சு. இத வச்சுக்கிட்டு மெஷின் எப்படி ஒழுங்கா இருக்கும்?"

"போன வாரந்தான் புதுசு வச்சேன் தம்பி."

"அப்ப பையா பொய் சொல்லுது?"

புதுப் பை வைத்தும் சிவப்பு நிற்கவில்லை. இயந்திரம் கோபமாக இருக்கிறது, ஆற நாளாகும் என்றார் ஃபான். யுவேச்சின் தன் பங்குக்கு மூன்று பை வாங்கி வைத்து, கைகூப்பி நின்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது. நான்தான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

"யாலிங், எனக்குக் கைப்பழக்கம் போயிடுச்சோ?"

"வயசாவுதுல்ல, விடு," என்றேன். அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள்.

மாதக் கடைசியில் அவளை அனுப்பினீர்கள். அவளுடைய கவ்வி எனக்கு வந்தது. ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்தேன். அப்புறம் எல்லாம் பச்சைதான். இயந்திரத்துக்கு என்னைப் பிடித்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

ஆனாலும் மனசு உறுத்தியது. ஒரு பாவமும் அறியாத இயந்திரத்துக்கு ஒரு மாதம் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டேனே. அதனால் புதுப் பையின் பின்பக்கம், எல்லோரும் இயந்திரத்துக்கு வேண்டுதல் எழுதுவதுபோல், எழுதி வைத்தேன்: "ஏழாவது ஊசியில் நகப்பூச்சு வைத்தது நான்தான். உன்மேல் தப்பில்லை. மன்னித்துவிடு, என்னிடம் ஒழுங்காக நடந்துகொள். யாலிங்." பெயர் போடாமல் கேட்டால் அது மன்னிப்பாகாது. ஃபான் தேதி பார்க்க எல்லாப் பையையும் திருப்புவார் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன்.

நேற்று நீங்கள், "யுவேச்சின்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று கேட்டீர்கள். கேள்வியே எனக்கு விளங்கவில்லை. அந்த இந்தோனேசியப் பெண்ணை நிறுத்திவிட்டு, நான் நினைத்தபடியே மாமியாரை இப்போது அவளே தூக்கி உட்காரவைக்கிறாள். இடுப்பு பிடித்துக்கொண்டதாம்.

மன்னிப்புக் கேட்காவிட்டால் இயந்திரம் வேலை செய்யாது, சார். யுவேச்சின் அப்படியில்லை. போன ஞாயிற்றுக்கிழமைகூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு சூப் கொண்டுவந்தாள். என் கிண்ணத்தில் ஓர் உருண்டை கூடுதலாகவே இருந்தது. அவளிடம் எந்தக் கோளாறும் இல்லை.