தோளில் ஒரு புள்ளி

"கேன்சரு தோளுக்கு வரல மாப்ள, துண்டுக்குத்தான் வந்திருந்துச்சு."

அலங்காநல்லூர் பஸ்ஸில், கழுத்தில் ஆபரேஷன் தழும்போடு இருந்தவர் பக்கத்து சீட் மைத்துனரிடம் சொன்னார். நெரிசலில் நான் அருகில் நின்றிருந்தேன்.

"என்ன மாமா சொல்றீக?"

"தைராய்டு கட்டி மிச்சமிருக்கான்னு பாக்க, கதிர்வீச்சு உள்ள அயோடின் மருந்தக் குடிக்கக் குடுத்துப் படம் பிடிச்சாக. தோள்ல ஒரு புள்ளி. எலும்புக்குப் பரவிருச்சுன்னாரு டாக்டரு. ஒங்கக்கா அழுது பெரண்டுட்டா. துண்ட எடுத்துட்டுப் பிடிச்சா, புள்ளியக் காணோம்! மருந்து எச்சில்லயும் வருமாம். வாயத் தொடச்ச துண்டத் தோள்ல போட்டிருந்தேன்."

"நல்லவேள! அந்தத் துண்டு எங்க?"

"சன்னல் வழியாப் போட்டு ஒனக்கு எடம் பிடிச்சேன்ல, அதுதான். அதுமேலதான் உக்காந்திருக்க."

மைத்துனர் எழுந்துகொண்டார். அவ்வளவு கூட்டத்திலும் அலங்காநல்லூர் வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை, நான் உட்பட.