இருநூற்று முப்பது அடியில் நெல் வேர்

இல்லம்மா, உங்க லேப்புல கண்டது நெல்லு வேருதான்னு எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க? இருநூத்து முப்பது அடிக்குக் கீழேருந்து வந்த மண்ணு. சோழராஜா காலத்துல நட்டதா இருக்கும். சிரிக்காதீங்க. அந்த நாற்காலி ஆடும், இப்படி உக்காருங்க.

பை கட்டுனது நான்தான். ரெத்தினம்னு உங்க டேப்லட்லயே இருக்குமே. எட்டு நாள் வேல. மெஷின் பத்தடி எறங்குனா, வெளிய வர்ற மண்ண அள்ளிப் பையில போட்டு, சீட்டு ஒட்டி, அதுல உள்ள கோட்டு மேல போன வெச்சு டிக்குனு அடிக்கணும். அப்புறம் அது எங்க போவுதுன்னு உங்க ஆளுங்களக் கேட்டேன். சாப்ட்வேர்ல ஏறிடும்ணேன்னாங்க. சரிப்பா, அங்கேருந்து அத யாரு பாப்பான்னேன். அடுத்த பைய நீட்டுனாங்க.

குடிதண்ணிக்கு போர் போடத்தான் சோதனைங்கிறீங்க. இதுக்கு முன்னாடியும் வந்தாங்கம்மா. வயல்ல குச்சி நட்டாங்க, ஒயர் இழுத்தாங்க. தண்ணி பாக்குறோம்னுதான் அவங்களும் சொன்னாங்க. கடசியில பாத்தா கேஸ் எடுக்கிறதுக்காம். ஊரே ரோட்டுல உக்காந்தோம். சூடு கண்ட பூனைங்க நாங்க. கீழ என்ன இருக்குன்னு வெளியாளுக்குத் தெரிஞ்சா, மேல இருக்குறவனுக்கு ஆபத்துன்னு நெனச்சேன். நெனச்சது தப்பா? மூணு மாசமா என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன்.

டேப்லட்ல இருக்குற அந்தப் படத்த இப்படித் திருப்புங்க. இதா எங்க ஊரு? மேல வண்டலு, மணலு, சரி. இருநூறுக்குக் கீழ கடசி வரைக்கும் களிமண்ணா? தண்ணியே கெடையாதா? இந்தச் செவப்புப் புள்ளி என்ன, நீங்க வெச்சதா, அதுவா வெச்சுக்கிச்சா? ஓ, வேரு கெடந்த பையா.

இன்னிக்கு சாயங்காலம் இந்த மண்ணுக் கணக்கப் பூட்டிட்டா அப்புறம் மாத்தவே முடியாதா? போரு அடுத்த ஊருக்குப் போயிடுமா? ம்.

டீ போடட்டா? பழுப்பாத்தான் இருக்கும், இரும்புத் தண்ணி. நல்ல தண்ணிக்கு அமிர்தம் போயிருக்கா, என் சம்சாரம். ஒண்ணர கிலோமீட்டரு. முழங்கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. நேத்து கேக்குறா, ஏங்க, நம்ம ஊருக்குக் கீழ மட்டும் நல்ல தண்ணியில்லையாமே, அப்படி என்ன பாவம் பண்ணுனோம்னு. நான் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தேன்.

ஒரு வேருக்காவ திருப்பனந்தாள்லேருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கீங்க. பேசாம பூட்டிட்டுப் போயிருக்கலாம்ல? நெசமாவே யாரும் அனுப்பலியா? சத்தியமா? உங்க பேரு என்ன சொன்னீங்க, ஹுமைராவா?

எந்திரிச்சிட்டீங்களா? இருங்கம்மா. அந்தத் தவுட்டு மூட்டைக்குப் பின்னால மூணு யூரியா சாக்கு கெடக்கும், இழுங்க. மழைன்னு உங்க ஆளுங்க ரெண்டு நாளு பையெல்லாம் இந்தக் கொட்டகையிலதான வெச்சிருந்தாங்க. அப்பதான் மாத்துனேன். உங்க லேப்புக்குப் போனது என் நாத்தங்கால் மண்ணு. வேரையெல்லாம் பொறுக்கித்தான் எடுத்தேன், ஒண்ணு தப்பிடுச்சு.

அசல் மண்ணு பூரா இதுல இருக்கு. சணல்ல முடிச்சு இருக்கு பாருங்க, இருநூறு அடி தாண்டி பத்தடிக்கு ஒரு முடிச்சு. இந்தாங்க, மூணு முடிச்சு, இருநூத்து முப்பது. கைய நீட்டுங்க. பருமணலு. ஒட்டுதா? ஒட்டாது. தண்ணி ஓடுற மணலும்மா இது. அள்ளுன அன்னிக்கே எனக்குத் தெரியும்.